ஒரே பிராண்ட், இரண்டு விலை: பெரிய கடை மாடலும் டீலர் மாடலும் எங்கே வேறுபடுகின்றன?

மதுரையில் வீட்டுக்கு மோட்டாரோ ஏசியோ வாங்கக் கிளம்பினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "பெரிய கடையில வாங்காதீங்க, அங்க வர்றதெல்லாம் செகண்ட் குவாலிட்டி. டீலர்கிட்ட போங்க, அதுதான் ஒரிஜினல்." அடுத்த தெருக்காரர் நேர்மாறாகச் சொல்வார்: "டீலர் சும்மா ரெண்டாயிரம் கூட வைக்கிறாரு. உள்ள இருக்கிறது ரெண்டும் ஒண்ணுதான்."

இரண்டுமே சில பொருட்களுக்குச் சரி, சில பொருட்களுக்குத் தவறு. எதற்கு எது சரி என்று பிரித்துப் பார்க்காமல் பொத்தாம்பொதுவாகப் பேசுவதால்தான் குழப்பம். சிலர் ஒரே பொருளுக்கு வீணாகக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். சிலர் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, இரண்டே வருடத்தில் காயில் கட்ட மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்கத் தொழில்நுட்பப் படிப்பு தேவையில்லை. பொருளில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

கீழமாசி வீதியில் அரிசி வாங்குபவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே படம் போட்ட சிப்பம். ஆனால் சிப்பத்தில் போட்டிருக்கும் கோட்டின் நிறம் மாறினால் விலை மாறும். ஒன்றில் ஒரு வருடம் இருப்பு வைத்த பழைய அரிசி, நொய் குறைவு. இன்னொன்றில் போன அறுவடையின் புது அரிசி. அரிசி வாங்கத் தெரிந்தவர் ஆலையின் பெயரோடு நிற்க மாட்டார், எந்தக் கோடு என்று கேட்பார். பச்சைக்கோட்டுச் சிப்பத்தை எந்தக் கடையில் வாங்கினாலும் உள்ளே அதே அரிசிதான். கடைக்குக் கடை விலை மட்டும் ஐம்பது, நூறு கூடும் குறையும்.

இயந்திரங்களில் அந்தக் கோட்டின் வேலையைச் செய்வது மாடல் நம்பர். ஒரு நிறுவனம் தயாரிக்கும் ஒவ்வொரு வகைக்கும் கொடுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் அது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் கவர்ச்சியான பெயரை மாடல் நம்பர் என்று நினைத்துவிடக் கூடாது. பொருளின் உடம்பில் ஒட்டியோ அறைந்தோ இருக்கும் நேம் பிளேட்டில், அதாவது விவரத் தகட்டில், முழுமையாக எழுதியிருப்பதுதான் மாடல் நம்பர். அதன் கடைசி ஓரிரு எழுத்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வித்தியாசம் பெரும்பாலும் அந்த வால் எழுத்தில்தான் இருக்கும்.

முழு மாடல் நம்பரும் ஒன்றாக இருந்தால் பொருள் ஒன்றே. பெரிய கடைக்கு என்று தனியாக மட்டமான பாகங்களைப் போட்டு, அதே நம்பரை ஒட்டி அனுப்பினால் நிறுவனத்துக்கே தலைவலி. ஒரே நம்பருக்கு இரண்டு வகை ஸ்பேர் வைக்க வேண்டும், சர்வீஸ் ஆட்கள் குழம்புவார்கள், வாரண்டிக் கணக்கு சிக்கலாகும். வேறு பொருள் செய்ய வேண்டுமென்றால் வேறு நம்பர் கொடுத்துச் செய்வதுதான் நிறுவனத்துக்கும் எளிது.

அமெரிக்காவிலும் இந்த வாக்குவாதம் பல வருடங்களாக ஓடுகிறது. ஜான் டீர் நிறுவனத்தின் 100 வரிசைப் புல்வெட்டு டிராக்டர் ஹோம் டிப்போ போன்ற பெரிய கடைகளிலும் கிடைக்கும், ஜான் டீர் டீலரிடமும் கிடைக்கும். கடையில் விற்பது மட்டம் என்று அங்கும் பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஒரே மாடல் நம்பர் என்றால் அது ஒரே வண்டி. அதைவிடக் கனமான எக்ஸ்300 போன்ற மேல் வரிசைகள் பெரும்பாலும் டீலர்களிடம் கிடைப்பவை. பெரிய கடையில் 100 வரிசையைப் பார்த்தவர், டீலரிடம் எக்ஸ்300 பார்த்துவிட்டு, டீலர் சரக்கு கனமாக இருக்கிறதே என்கிறார். அவர் பார்த்தது இரண்டு வேறு வண்டிகள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பிராண்ட் பெயரை வைத்து ஒப்பிட முடியாது, மாடல் நம்பரை வைத்துத்தான் ஒப்பிட முடியும். நம்பர் ஒன்றானால் பொருள் ஒன்று. நம்பர் வேறானால், உள்ளே என்ன வேறு என்று கேட்க வேண்டும்.

நிறுவனங்கள் ஏன் தனி மாடல் செய்கின்றன?

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய ஷோரூம், ஆன்லைன் தளம் போன்றவை ஒரே ஆர்டரில் ஆயிரக்கணக்கில் எடுக்கும். அவை முதலில் பேசுவது விலையை. "பத்தாயிரத்துக்குக் கீழே ஒரு வாஷிங் மெஷின் வேண்டும்" என்றால், அந்த விலையில் நிற்கும்படி நிறுவனம் ஒன்றை வடிவமைக்கும். எதையாவது குறைத்தால்தான் அந்த விலை வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே மாடல் எல்லா இடத்திலும் இருந்தால், வாங்குபவர் கைபேசியைக் காட்டி "அங்கே இந்த விலை" என்று பேரம் பேசுவார். மாடல் நம்பர் கொஞ்சம் மாறியிருந்தால் நேர் ஒப்பீடு முடியாது. டி.வி.யில் இது சகஜம். டவுன் ஹால் ரோட்டுக் கடையில் இருக்கும் 43 அங்குல டி.வி.யும் ஆன்லைனில் மட்டும் விற்கும் அதே பிராண்டின் 43 அங்குல டி.வி.யும் முகம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பின்னால் திருப்பினால் ஒன்றில் மூன்று எச்.டி.எம்.ஐ. துளை, மற்றதில் இரண்டு. ஒன்றில் 20 வாட் ஸ்பீக்கர், மற்றதில் 16 வாட். சில நேரம் துளை ஒன்று குறைவதோடு சரி. அது தேவையில்லாதவருக்கு விலை குறைந்த மாடலே நல்ல மாடல். தனி மாடல் என்றாலே மட்டம் என்று முடிவு கட்டுவதும் தவறுதான்.

தகட்டின் பின்னால் இருப்பது: வீட்டு மோட்டாரைப் பிரித்துப் பார்ப்போம்

தரத்தில் வித்தியாசம் எப்படி வருகிறது என்பதைத் தண்ணீர் மோட்டாரைப் போல் தெளிவாகக் காட்டும் பொருள் இல்லை. வில்லாபுரமோ கே.கே. நகரோ, தரைத்தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்ற அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. "ஒரு எச்.பி. மோட்டார்" என்று கேட்டு வாங்குவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் நாலைந்து வேறு வேறு இயந்திரங்கள் அடங்கும்.

முதலில் வைண்டிங். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளைத்தான் அப்படிச் சொல்கிறோம், நம் ஊர்ப் பேச்சில் காயில். அது தாமிரமாகவும் இருக்கலாம், அலுமினியமாகவும் இருக்கலாம். ஒரே தடிமன் கம்பியில் அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு. தடை கூடினால் சூடு கூடும். அதை ஈடுகட்ட அலுமினியக் கம்பியைத் தடிமனாகச் சுற்ற வேண்டும், அதற்கு மோட்டாரின் உள்ளிடமும் பெரிதாக வேண்டும். அப்படி ஒழுங்காக வடிவமைத்த அலுமினிய மோட்டார் தவறான பொருள் அல்ல. தாமிரத்துக்குச் செய்த அதே கூட்டுக்குள் அலுமினியத்தைச் சுற்றி விலையைக் குறைப்பதில்தான் கோளாறு. அலுமினியத்தின் இணைப்பு முனைகளில் ஆக்சைடு படிந்து தொடர்பு தளர்வதும் நடக்கும். எடையிலும் குறிப்பு கிடைக்கும்: தாமிரத்தின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஒரே திறன், ஒரே ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) சொல்லும் இரண்டு மோட்டாரில் ஒன்று கையில் தூக்கும்போதே மிக இலேசாக இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். காயிலைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், பில்லில் "காப்பர் வைண்டிங்" என்று எழுதித் தரச் சொல்வதே வழி. எழுதித் தரத் தயங்கினால் அந்த விலைக்கு அது தாமிரம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து இன்சுலேஷன் வகுப்பு. கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகாமல் காக்கும் பூச்சு எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத் தகட்டில் ஒரு எழுத்து சொல்லும். பி என்றால் 130 டிகிரி செல்சியஸ், எஃப் என்றால் 155. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பூச்சின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மோட்டார் தொழிலில் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் மோட்டாருக்கு இந்த எழுத்து முக்கியம்.

மூன்றாவது, வோல்டேஜ். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்குச் சாயங்காலம் 230 வோல்ட் முழுதாக வராது. இந்த வகை மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 180 வோல்ட்டில் பலம் 61 சதவீதம்தான் மிஞ்சும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கரண்ட் அதிகம் இழுக்கும், காயில் கருகும். 180 முதல் 240 வோல்ட் வரை என்று தகட்டில் எழுதியிருக்கும் மோட்டார் இதை எதிர்பார்த்துச் செய்தது. 220 அல்லது 230 என்று ஒற்றை எண் மட்டும் போட்ட மாடல் நகருக்குள் நன்றாக ஓடும், கிராமத்தில் சீக்கிரம் போகும். ஒரே பிராண்ட், ஒரே எச்.பி., இரண்டு ஊரில் இரண்டு பெயர் வாங்குவதன் காரணம் பல நேரம் இதுதான்.

பிறகு தண்ணீர்ப் பகுதி. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம் இம்பெல்லர். பித்தளையிலும் வரும், பிளாஸ்டிக்கிலும் வரும். தானாகவே தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் சிறிய செல்ப் பிரைமிங் மோட்டாரில் இம்பெல்லருக்கும் சுற்றியுள்ள வார்ப்பிரும்புக் கூட்டுக்கும் இடைவெளி மிக மிகக் குறைவு. வீட்டைப் பூட்டி ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால், இரும்பில் பிடித்த துரு இம்பெல்லரைக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் ஜாம் என்கிறார்கள். விலை கூடின மாடல்களில் அந்த இடத்தில் ஒரு பித்தளை வளையம் பதித்திருப்பார்கள், அதனால் துரு கவ்வாது. வளையம் இல்லாத மாடலில் ஜாம் ஆனபின் சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டால் காயில் போய்விடும். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் சுற்றி விடுவித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் போர் உள்ள தெருக்களில் ஜாம் அடிக்கடி வரும்.

ஹெட், டிஸ்சார்ஜ்: பெட்டியில் ஏமாற்றும் இரண்டு எண்கள்

ஹெட் என்பது மோட்டார் தண்ணீரை ஏற்றும் உயரம், மீட்டரில். டிஸ்சார்ஜ் என்பது அந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் தரும் என்பது. பெட்டியில் அதிகபட்ச ஹெட்டையும் அதிகபட்ச டிஸ்சார்ஜையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. அதிகபட்ச ஹெட்டில் டிஸ்சார்ஜ் பூஜ்யம்.

வீட்டுக் கணக்கு எளிது. தரைத்தொட்டியில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 2 மீட்டர், மேல்தொட்டியின் வாய் தரைக்கு மேல் 11 மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 13. பைப் உராய்வுக்கும் எல்போக்களுக்கும் 2 மீட்டர் சேர்த்தால் 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 49 அடி. 1000 லிட்டர் தொட்டி 40 நிமிடத்தில் நிரம்ப நிமிடத்துக்கு 25 லிட்டர், மணிக்கு 1500 லிட்டர் வேண்டும். ஆக, கடையில் கேட்க வேண்டியது "ஒரு எச்.பி. இருக்கா?" என்பதல்ல. "15 மீட்டரில் மணிக்கு 1500 லிட்டர் தருமா, அட்டவணையைக் காட்டுங்கள்" என்பதுதான். நல்ல மாடல் எதுவானாலும் ஹெட்டுக்கு எதிரே டிஸ்சார்ஜ் போட்ட அட்டவணை இருக்கும். இந்தக் கேள்விக்கு அரை எச்.பி. போதும் என்ற பதில் வந்தாலும் வரலாம். மோட்டார் விலையும் மின்கட்டணமும் மிச்சம்.

எச்.பி.யையும் சரிபாருங்கள். 1 எச்.பி. என்றால் தகட்டில் 0.75 கிலோவாட் இருக்க வேண்டும், அரை என்றால் 0.37. பெட்டியில் 1 எச்.பி., தகட்டில் 0.55 என்றிருந்தால் தகடு சொல்வதையே நம்புங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பம்பில் முத்திரைக்கு மேலே தர நிர்ணய எண் இருக்கும். மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோசெட் பம்புக்கு ஐ.எஸ். 9079, போருக்குள் இறங்கும் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்று காட்டும். எண் இல்லாத வெறும் முத்திரைக்கு மதிப்பில்லை.

மோட்டாரில் கண்டதைச் சுருக்கினால்: காயில் உலோகம், இன்சுலேஷன் எழுத்து, வோல்டேஜ் எல்லை, இம்பெல்லர், ஹெட் அட்டவணை. இரண்டு மாடல்களின் விலை வித்தியாசம் அநேகமாக இந்த ஐந்துக்குள் ஒளிந்திருக்கும். எந்தக் கடையின் போர்டுக்குக் கீழே அது விற்றது என்பதில் ஒன்றும் இல்லை.

பொருள் ஒன்றே, ஆனாலும் அனுபவம் வேறு

மாடல் நம்பர் ஒன்றே என்றால் டீலருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணா? பெட்டியோடு எடுத்துப்போய் பிளக்கில் செருகினால் ஓடும் மிக்சிக்கு அநேகமாக வீண்தான். பூட்டி, எண்ணெய் ஊற்றி, சரிசெய்து ஓட்ட வேண்டிய பொருளுக்கு அப்படியில்லை.

புல்வெட்டும் பிரஷ் கட்டர் நல்ல உதாரணம். அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் வரப்பு வெட்ட இப்போது பலரிடம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். டீலர் செய்யும் முன்தயாரிப்பு, அதாவது வாங்குபவர் கையில் கொடுக்கும் முன் பூட்டிச் சோதிக்கும் வேலை, ஒரு மணி நேரம் பிடிக்கும். அதைச் செய்யாமல் விட்டால் நடப்பவை இவை:

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பெட்ரோலோடு டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றிருந்தால் 20 மில்லி. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் உயவு இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதற்கு வாரண்டி கிடையாது. போர் ஸ்ட்ரோக் இயந்திரமோ என்ஜின் ஆயில் இல்லாமலேதான் பெட்டியில் வரும். 35 சி.சி. அளவுக்குப் பொதுவாக 100 மில்லி போல் பிடிக்கும். ஊற்றாமல் கயிற்றை இழுத்து ஓட்டியவர்களின் இயந்திரம் முதல் நாளே பழுதாகிறது. பிளேடைப் பிடிக்கும் நட் பெரும்பாலான மாடல்களில் இடதுமரை, சாதாரண நட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் வழக்கமான திசையில் பலமாகத் திருகி மரையை அழித்துவிடுவார்கள், அல்லது இறுகிவிட்டது என்று நினைத்துத் தளர்ந்த பிளேடோடு ஓட்டுவார்கள். இரண்டாவது உயிருக்கே ஆபத்து. பிளேடுக்கு மேலே இருக்கும் கியர் பெட்டியில் கிரீஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்படிப் பாழான இயந்திரத்தைத்தான் பலர் "கடை சரக்கு மட்டம்" என்று சொல்லிவிடுகிறார்கள். டீலர் விற்றதும் அதே இயந்திரம்தான். ஒன்று தயாராகி வந்தது, மற்றது தயாராகாமல் ஓடியது.

ஏசியில் பொருத்துபவர் கையில்தான் பாதித் தரம் இருக்கிறது. உள்யூனிட்டையும் வெளியூனிட்டையும் இணைக்கும் தாமிரக் குழாயைப் பூட்டியபின், வாக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் 15, 20 நிமிடமாவது இழுக்க வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி, கேஜின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏறினால் எங்கோ கசிகிறது என்று பொருள். அவசரத்தில் சிலர் பம்ப் இல்லாமல், கேஸைக் கொஞ்சம் திறந்து காற்றை ஊதித் தள்ளிவிட்டு முடித்துவிடுவார்கள். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரசர் ஆயிலைக் கெடுக்கும். அடுத்த கோடையில் குளிர்ச்சி போதவில்லை என்று புகார் வரும். பெரிய ஷோரூமில் வாங்கினாலும் டீலரிடம் வாங்கினாலும் பொருத்த வருபவர் சில நேரம் ஒரே ஒப்பந்தக்காரரின் ஆள். எனவே கேட்க வேண்டிய கேள்வி "வாக்குவம் பம்ப் கொண்டுவருவீர்களா?" என்பதே.

வாரண்டி யார் கொடுப்பது?

இதில்தான் புரளி அதிகம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கினால் நிறுவனத்தின் வாரண்டி எங்கே வாங்கினாலும் ஒன்றே. பெரிய கடைக்கு ஒரு வாரண்டி, டீலருக்கு ஒரு வாரண்டி என்று கிடையாது. பில்லில் தேதி, மாடல் நம்பர், சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். சீரியல் நம்பர் இல்லாத பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள்.

நிறுவன வாரண்டியோடு, பில் போடும் இடத்தில் விற்கும் "எக்ஸ்டெண்டட் வாரண்டி"யைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதைத் தருவது நிறுவனமாகவும் இருக்கலாம், கடையாகவும் இருக்கலாம், வேறு ஒரு காப்பு நிறுவனமாகவும் இருக்கலாம். தாளின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். "மோட்டாருக்கு 10 வருடம்" என்று வாஷிங் மெஷினில் ஒட்டியிருப்பதும் மோட்டார் என்ற அந்த ஒரு பாகத்துக்கு மட்டும். சர்க்யூட் போர்டு போனால் முழு மெஷினுக்கு உள்ள ஓரிரு வருட வாரண்டிதான் பேசும், அது முடிந்திருந்தால் செலவு நம்முடையது.

டீலரின் உண்மையான பலம் வாரண்டி முடிந்த பிறகு தெரியும். தண்ணீர் மோட்டாருக்குள் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலோ, மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டரோ அவர் அலமாரியில் இருக்குமா? வாங்கும் முன்பே ஒரு சிறு ஸ்பேரின் விலையைக் கேட்டுப் பாருங்கள். உடனே எடுத்துக் காட்டினால் அந்தக் கூடுதல் ஆயிரத்துக்கு அர்த்தம் உண்டு. "ஆர்டர் போட்டு வரவழைக்கணும்" என்றால் அவரும் பெட்டி விற்பவர்தான், அவருக்கு மட்டும் ஏன் கூடுதல் கொடுக்க வேண்டும்?

நம்பர் ஒன்றாக இருந்தும் கவனிக்க வேண்டிய இரண்டு

ஒன்று, எப்போது செய்தது என்பது. தயாரித்த மாதமும் வருடமும் பெட்டியில் இருக்கும், ஏசி, பிரிட்ஜில் நட்சத்திர முத்திரையிலும் வருடம் இருக்கும். நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாகும். 2022 ஜூலை 1 முதல் ஏசிக்கு அளவுகோலை உயர்த்தியபோது, அதற்கு முன் ஐந்து நட்சத்திரமாக இருந்தது நான்காக இறங்கியது. எனவே ஆடித் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து நட்சத்திரம் எந்த வருடத்து ஐந்து என்று பாருங்கள். நட்சத்திரத்தைவிட, அதே முத்திரையில் இருக்கும் வருட மின்சார யூனிட் எண்ணை ஒப்பிடுவது இன்னும் நேர்வழி. ஏசிக்கு அது வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டு போட்ட கணக்கு.

இன்னொன்று, டி.வி. பேனல். ஒரே மாடல் நம்பருக்குள்ளேயே திரையை வெவ்வேறு ஆலைகளிடமிருந்து வாங்கிப் போடுவது அந்தத் தொழிலில் உண்டு. அதை மாடல் நம்பரால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அது கடைக்குக் கடை மாறுவதல்ல, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவது. டீலரிடம் போனாலும் தப்ப முடியாது.

கடையில் நிற்கும்போது

பெட்டியைப் படம் எடுக்காதீர்கள், பொருளின் தகட்டைப் படம் எடுங்கள். அந்தப் படத்தை டீலரிடம் காட்டி, இதே நம்பர் உங்களிடம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால், விலை வித்தியாசத்துக்கு ஈடாகப் பூட்டித் தருவது, முதல் சர்வீஸ், வீட்டுக்கு வந்து பார்ப்பது இவற்றில் எது சேரும் என்று எழுதி வாங்குங்கள். நம்பர் வேறாக இருந்தால், "இது அதைவிட நல்லது" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள், எந்தப் பாகம் வேறு என்று கேளுங்கள்.

அதற்கும் பதில் வராவிட்டால் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான இயந்திரங்களுக்கு ஸ்பேர் பட்டியல் உண்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண் இருக்கும். இரண்டு மாடலின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இம்பெல்லர், பேரிங், சீல், கார்புரேட்டர் ஆகியவற்றின் எண்களை மட்டும் பாருங்கள். பாக எண் ஒன்றானால் பாகமும் ஒன்றே. நாலும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் பெயிண்டிலும் ஸ்டிக்கரிலும்தான்.

குழாய்களுக்கு இவ்வளவு தேவையில்லை. பித்தளைக் குழாயைக் கையில் தூக்கி எடை பாருங்கள், உள்ளே செராமிக் டிஸ்க்கா ரப்பர் வாஷரா என்று கேளுங்கள், தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகமான கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று உறுதி செய்யுங்கள். உப்புத் தண்ணீர் வீட்டுக்குத் தோட்டக் குழாய் மட்டும் வேண்டுமென்றால் பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாயே பித்தளையைவிடப் பொருத்தம், அரிக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

மோட்டாரைப் பொருத்திய முதல் நாளே, கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துக் கரண்ட் பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் சரியாக இருக்கும்போது, தகட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் மாடல் உங்கள் ஹெட்டுக்குப் பொருந்தவில்லை, அல்லது மோட்டாரில் குறை. இரண்டுமே திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிய வேண்டியவை. தண்ணீர் நிரப்பாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது, வறண்டு ஓடினால் மெக்கானிக்கல் சீல் சில நிமிடங்களில் கருகிவிடும், எந்த மாடலானாலும்.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், தகட்டின் படமும் பில்லும் சேர்த்து. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அடங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைன் கடையின் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் மதுரை ஆணையமே விசாரிக்கும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லில் "காப்பர் வைண்டிங்" என்று எழுதி வாங்கியிருந்தால், காயில் கட்டுபவர் மோட்டாரைப் பிரித்து அலுமினியம் என்று காட்டும் படம் அங்கே நல்ல சான்றாகும்.